அப்பா டிக் பண்ணின கட்டம்

வழக்கமா இங்க சர்க்கரை, பிரஷர், டெங்குன்னு எழுதுறவன் நான். இன்னைக்கு மருத்துவம் இல்லை. எங்க வீட்டுக் கதை. நீளமான இழை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும், பெற்றோரை அங்கே கூட்டிப்போக நினைக்கும் பிள்ளைகளும் கடைசி வரை படிச்சிடுங்க.

அப்பாகிட்டயும் அண்ணன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாத, ஊர் போட்டுக்க"ன்னாரு அப்பா. ஊர் பாடாலூர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் போனவங்க எங்க ஊரைத் தாண்டாம போயிருக்க முடியாது.

2025 நவம்பர். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாங்க எஸ்.ஐ.ஆர், தமிழ்நாட்டில் நவம்பர் 4-ஆம் தேதி தொடங்குச்சு. பி.எல்.ஓ அம்மா எங்க வீட்டுக்கும் படிவம் கொண்டு வந்தாங்க. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, என் மனைவிக்கு. அஞ்சாவதா ஒண்ணு, அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பேருக்கு.

தெருவில் எல்லாரும் வாங்கின கையோட கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு இருந்தாங்க. எங்க அப்பா மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வச்சுப் படிச்சாரு. புரியாத இடத்தில் என்னைக் கூப்பிட்டாரு. பி.எல்.ஓ அம்மா சிரிச்சுக்கிட்டே, "ஐயா, இது ஒண்ணும் பத்திரம் இல்லைங்கய்யா"ன்னாங்க.

அப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாரு: "எனக்கு இது பத்திரத்தை விடப் பெருசும்மா."

ஏன்னு சொல்றேன்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஓட்டு 1977-ல், எமர்ஜென்சி முடிஞ்சு வந்த தேர்தல். அதுக்கப்புறம் ஒரு தேர்தல் கூட விட்டதில்லை. டூட்டி இருந்தா ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்து போடுவாரு. ஓட்டுப் போடாதவனை அவர் மனுசனாவே மதிக்க மாட்டாரு.

அண்ணன் சாஃப்ட்வேர். அமெரிக்கா போய், க்ரீன் கார்டு வாங்கி, 2018-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனான். அங்கே குடிமகன் ஆன பிள்ளை தன் பெற்றோருக்கு க்ரீன் கார்டு கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்படித்தான் 2022 தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் அங்கே போய் இறங்கினாங்க. பேரனுக்கு நாலு வயசு, பேத்தி அப்பதான் பிறந்திருந்தா.

போன கொஞ்ச நாளில் மாநில அடையாள அட்டை வாங்க, ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அண்ணன் கூட்டிப்போனான். இவங்களை வரிசையில் உட்கார வச்சுட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனான். அதுக்குள்ள இவங்க நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க.

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அமெரிக்காவில் 1993-ல் வந்த ஒரு சட்டப்படி, ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிவு பண்ணிக்கலாம். பேச்சு வழக்கில் 'மோட்டார் வோட்டர்' சட்டம்னு சொல்லுவாங்க. நல்ல நோக்கம்தான். ஆனா கவுண்டரில் இருப்பவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டுட்டுப் போவாரு. நீங்க க்ரீன் கார்டைக் கையில் காட்டிக்கிட்டு நின்னாலும் கேட்கலாம்.

கவுண்டர் பெண் வேகமா ஏதோ கேட்டாங்க. அப்பாவுக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டுச்சு: சிட்டிசன்.

நாற்பது வருசம் பஸ்ஸில் டிக்கெட் கிழிச்ச மனுசன். பேங்க் டெபாசிட்டுக்கு அரை சதவீதம் கூட வட்டி, ரயில் டிக்கெட்டுக்குச் சலுகைன்னு அந்த வார்த்தையை அவர் கேட்டதெல்லாம் 'சீனியர் சிட்டிசன்'னுதான். 68 வயசு. "யெஸ், யெஸ், சிட்டிசன்"னாரு. அடுத்து வந்த திரையில் அந்தப் பெண் காட்டிய கட்டத்தைத் தொட்டாரு. கீழே கையெழுத்தும் போட்டாரு.

பக்கத்துக் கவுண்டரில் அம்மா. அவங்க கேட்ட எல்லாக் கேள்விக்கும் "நோ, நோ இங்கிலீஷ்". அம்மா தப்பிச்சாங்க.

அந்த வருசம் அக்டோபர் கடைசி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா ஒரு அட்டையை ஆட்டிக் காட்டினாரு. "டேய், இங்கயும் ஓட்டுக் கார்டு வந்துடுச்சுடா! வர்ற 8-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை எலெக்‌ஷன். அண்ணனுக்கு இன்னும் சொல்லல. அவன் ஓட்டுப் போடப் போறப்ப நானும் கூடவே போய் நின்னு ஆச்சரியப்படுத்தப் போறேன்."

நான் கேட்டேன், "அப்பா, நீங்க அந்த ஊர் சிட்டிசனா?"

"ஆமாடா. சீனியர் சிட்டிசன்."

முதலில் நானும் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. "வேண்டாம்ப்பா, குடியுரிமை இல்லாம ஓட்டுப் போடக் கூடாது"ன்னேன். அவர் விடலை. "லண்டன்ல உன் அத்தை பையன் ஒர்க் விசாவுல இருந்துக்கிட்டே ஓட்டுப் போட்டான்ல? ஃபோட்டோ போட்டிருந்தானே?"

அவர் சொன்னது பொய்யில்லை நண்பர்களே. சட்டப்படி பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், நம்ம ஆட்களும் இலங்கைக்காரர்களும் சேர்த்து, அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். நியூசிலாந்தில் நிரந்தரமா குடியிருப்பவங்க ஒரு வருசம் அங்கே இருந்தா தேசியத் தேர்தலில் போடலாம். அமெரிக்காவிலேயே மேரிலாந்தின் டகோமா பார்க் மாதிரி சில ஊர்களில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் குடிமகன் அல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. ஊருக்கு ஊர் சட்டம் வேற. நம்ம ஆட்கள் தடுமாறுறது இந்த இடத்தில்தான். வாட்ஸ்அப்பில் பார்த்த லண்டன் போட்டோவை வச்சு அமெரிக்காவில் முடிவெடுக்குறோம்.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்லுது? 1996-ல் கொண்டு வந்த திருத்தங்கள் இவை.

குடிமகன் அல்லாதவர் அதிபர் தேர்தலிலோ, நாடாளுமன்றத் தேர்தலிலோ ஓட்டுப் போட்டா குற்றம். ஒரு வருசம் வரை சிறை, அபராதம்.

சிறை இல்லாட்டியும், சட்டத்துக்குப் புறம்பா ஓட்டுப் போட்டதே நாடுகடத்தப் போதுமான காரணம். க்ரீன் கார்டு வச்சு இருபது வருசம் வரி கட்டியிருந்தாலும் அதே கதிதான்.

ஓட்டே போடாட்டியும், 'நான் அமெரிக்கக் குடிமகன்'னு பொய்யாச் சொன்னது தனிக் குற்றச்சாட்டு. இது ஓட்டுப் போட்டதை விட மோசமான பொறி. இதுக்காக வெளியே அனுப்பப்பட்டா, மறுபடி குடியேறி வர அநேகமா வழியே கிடையாது. மன்னிப்பு மனு போடுற இடம் கூட இல்லை.

விதிவிலக்கு மிகக் குறுகலானது. பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்களா இருந்து, 16 வயசுக்கு முன்னாடியே அங்கே நிரந்தரமா குடியிருந்து, தானும் குடிமகன்தான்னு நியாயமா நம்பினவங்களுக்கு மட்டும். எங்க அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டாரு.

'தெரியாம செஞ்சா விட்டுடுவாங்க'ன்னு நினைக்காதீங்க. பெரு நாட்டைச் சேர்ந்த ஒரு பெண். 2005-ல் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனாங்க. க்ரீன் கார்டையும் பெரு பாஸ்போர்ட்டையும் காட்டினாங்க. வாக்காளராப் பதிவு பண்றீங்களான்னு எழுத்தர் கேட்டார். "பண்ணணுமா?"ன்னு இவங்க கேட்டாங்க. "அது உங்க இஷ்டம்"னு பதில். குடிமகன்கிற கட்டத்தில் டிக். 2006-ல் ரெண்டு முறை ஓட்டுப் போட்டாங்க. பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிச்சப்போ, 'ஓட்டுப் போட்டிருக்கீங்களா?'ங்கிற கேள்விக்கு உண்மையைச் சொன்னாங்க. நாடுகடத்தல் உத்தரவு வந்துச்சு. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சிடுச்சு.

அதே 2017-ல் டெக்சாஸில், குழந்தையா மெக்சிகோவிலிருந்து வந்து அங்கேயே வளர்ந்த க்ரீன் கார்டுக்காரப் பெண் ஒருத்தருக்கு, மாநிலச் சட்டப்படி எட்டு வருசச் சிறைத் தண்டனை கொடுத்தாங்க.

இதெல்லாம் எனக்கு அன்னைக்கு ராத்திரி தெரியாது. அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் கார் நிறுத்தப் போயிருக்கக் கூடாதுடா"ன்னு மட்டும் சொன்னான். அந்த வாக்கியத்தை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கான்.

குடியேற்ற வக்கீலைப் பார்த்தாங்க. அவர் சொன்னது மூணே விஷயம். ஒண்ணு, ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதீங்க. ரெண்டு, எழுத்து மூலமா பதிவை ரத்து பண்ணச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமா வச்சுக்கங்க. மூணு, யார் எப்ப கேட்டாலும் பொய் சொல்லாதீங்க.

பதிவு ரத்தாச்சு. அப்பா ஓட்டுப் போடலை. அதோட முடிஞ்சதுன்னு நாங்க நினைச்சோம்.

முடியலை. குடியுரிமை விண்ணப்பத்தில் ஓட்டுப் போட்டீங்களான்னு மட்டும் கேட்கிறதில்லை, பதிவு பண்ணினீங்களான்னும் கேட்பாங்க. டிக் ஆன கட்டம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்துக்கிட்டேதான் இருக்கும். காதில் சரியா விழாம நடந்ததுன்னு வாதாடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்குன்னாரு வக்கீல். ஆனா உறுதி கொடுக்க முடியாதுன்னாரு.

அதுக்கப்புறம் அப்பாவுக்குத் தூக்கம் போச்சு. எனக்கு ஃபோனில் சொன்ன அறிகுறிகளை ஒரு நோயாளி சொல்லியிருந்தா உடனே ஈ.சி.ஜி எடுக்கச் சொல்லியிருப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. நெஞ்சு படபடப்பு. வாசலில் தபால் வண்டி நின்னா வியர்வை. அங்கே எல்லாப் பரிசோதனையும் பண்ணினாங்க, இதயத்தில் ஒண்ணுமில்லை. 38 வருச சர்வீசில் ஒரு தடவை கூட டிக்கெட் செக்கிங்கில் கணக்குக் குறைஞ்சு மாட்டாதவர். "இந்த வயசுல ஏமாத்துக்காரன்னு ஒரு பேப்பர்ல எழுதிடுவாங்களாடா?"ன்னு கேட்டாரு. என்கிட்ட அதுக்கு மாத்திரை இல்லை.

2023 வெயில் காலத்தில் க்ரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் பாடாலூர் வந்துட்டாங்க. அண்ணன் சண்டை போட்டான், போராடலாம்னு சொன்னான். அப்பா கேட்கலை. பேத்திக்கு அப்ப ஒண்ணரை வயசு. இன்னைக்கு அவளுக்குத் தாத்தா ஒரு ஃபோன் திரைதான்.

இப்ப கதையின் அடுத்த பாதி.

2024 ஏப்ரல். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அண்ணன் லீவு போட்டு வந்திருந்தான். 19-ஆம் தேதி மக்களவைத் தேர்தல். வீட்டுக்கு வந்த பூத் சிலிப்பில் அவன் பேரும் இருந்துச்சு. பழைய வாக்காளர் அட்டை பீரோவில் இருக்கு. காலையில் குளிச்சுட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, அண்ணன் கிளம்பிட்டான்.

நான் தயங்கினேன். அவன் சொன்னான்: "நான் பொறந்த ஊரு. என் பேரு லிஸ்ட்ல இருக்கு. அமெரிக்கா இதுக்காக என் குடியுரிமையைப் பறிக்காது, தெரியும்ல?"

அதுவும் உண்மைதான். இஸ்ரேல் தேர்தலில் ஓட்டுப் போட்ட அஃப்ராயிம் என்கிற அமெரிக்கக் குடிமகனின் வழக்கில், அதுக்காகக் குடியுரிமையைப் பறிக்க முடியாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-லேயே தீர்ப்பு கொடுத்திருக்கு.

ஆனா சிக்கல் அமெரிக்கச் சட்டத்தில் இல்லை, நம்ம சட்டத்தில். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கின நாளிலேயே இந்தியக் குடியுரிமை போயிடும். ஓ.சி.ஐ அட்டை இருந்தா விசா இல்லாம வரலாம், போகலாம், வேலை பார்க்கலாம். ஓட்டு கிடையாது. பட்டியலில் பேர் இருக்கிறது உரிமை ஆகாது. குடிமகன் அல்லாதவர் பேர் பட்டியலில் தப்பா இருந்தாலும் அவர் ஓட்டுப் போடக் கூடாதுன்னு சட்டம் தெளிவாச் சொல்லுது. பட்டியலில் சேர, குடிமகன்னு பொய்யா உறுதிமொழி கொடுத்தா 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆம் பிரிவில் ஒரு வருசம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது ரெண்டும். நாட்டின் சட்டத்தை மீறினா ஓ.சி.ஐ அட்டையையே ரத்து பண்ணவும் 2019 திருத்தத்தில் வழி இருக்கு.

நான் இதையெல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தேன். அண்ணன் காதில் வாங்கலை. "யாருக்குடா தெரியப்போவுது?"ன்னு செருப்பை மாட்டினான்.

அப்பா வாசலில் நின்னுக்கிட்டு இருந்தாரு. சத்தம் போடலை. "அங்க எனக்குத் தெரியாம ஒரு கட்டத்துல டிக் விழுந்துச்சு. இங்க உனக்குத் தெரிஞ்சே விரல்ல மை விழணுமா? அடுத்த வாரம் திருச்சி ஏர்போர்ட்ல அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எந்தக் கையால நீட்டுவ?"

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்துட்டான். அப்பாவும் நானும் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்தோம். வரும்போது அப்பா அவனுக்கு டீக்கடையில் வடை கட்டிக்கிட்டு வந்தாரு. அவன் அதைச் சாப்பிடவே ரொம்ப நேரமாச்சு. பிறந்த ஊரில் இனிமே தனக்கு ஓட்டு இல்லைன்னு அவனுக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. பாஸ்போர்ட் மாறினது 2018-ல்.

அதே நாள், எங்க ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் நளினி என்கிற பெண் வாழ்க்கையில் முதல் முறையா ஓட்டுப் போட்டாங்க. செய்தித்தாளில் படிச்சிருப்பீங்க. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்னு நம்ம சட்டம் சொல்லுது. ஆனா முகாம்காரர்னு சொல்லி பாஸ்போர்ட் மறுக்கப்பட்டுச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2022-ல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அப்புறம் வாக்காளர் அட்டை. மை வைக்க 38 வயசு வரைக்கும் காத்திருந்தாங்க.

அவங்க கூட முகாம்களில் வளர்ந்த எத்தனையோ பேர், அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த ஒரே காரணத்தால், இன்னும் ஓட்டில்லாம இருக்காங்க. நம்ம பள்ளிக்கூடத்தில் படிச்சு, நம்ம ஊரில் பெயின்ட் அடிச்சு, நம்மகூடவே வாழுறவங்க. நான் திருச்சியில் பயிற்சி டாக்டரா இருந்தப்போ முகாமிலிருந்து வந்த ஒரு பாட்டி, என் விரலில் இருந்த மையைத் தொட்டுப் பார்த்து, "இது எப்பய்யா அழியும்?"னு கேட்டாங்க. அதை ஒரு சாதாரணக் கேள்வின்னு நினைச்சு, "ஒரு மாசம் ஆகும் பாட்டி"ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்.

சரி, நான் வக்கீல் இல்லை. ஆனா எங்க வீடு பட்ட பாட்டிலிருந்து சிலது சொல்றேன்.

1. க்ரீன் கார்டுன்னா குடியுரிமை இல்லை. அமெரிக்காவில் எந்தப் படிவத்திலும் 'சிட்டிசன்'னு வந்தா நில்லுங்க. புரியலைன்னா, "பிள்ளை வரட்டும்"னு சொல்லுங்க. கவுண்டரில் அவமானம் ஒண்ணும் இல்லை.

2. பெற்றோரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனா முதலில் காரை நிறுத்துங்க, அப்புறம் சேர்ந்து உள்ளே போங்க.

3. கேட்காமலே ஓட்டுக் கார்டு வீட்டுக்கு வந்தா பெருமைப்படாதீங்க. அன்னைக்கே குடியேற்ற வக்கீலைப் பாருங்க. ஓட்டுப் போடாம நிறுத்தினா பாதி ஆபத்து குறையும்.

4. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டீங்களா? இந்திய பாஸ்போர்ட்டைச் சரண்டர் பண்றதோட நிறுத்தாதீங்க. வாக்காளர் பட்டியலிலிருந்து பேரை நீக்கப் படிவம் 7 கொடுங்க.

5. வேலைக்காக வளைகுடா, சிங்கப்பூர் போன இந்தியக் குடிமக்களே, உங்க ஓட்டு எங்கேயும் போகலை. வெளிநாடு வாழ் வாக்காளராப் பதிய படிவம் 6ஏ இருக்கு. தேர்தல் நாளில் ஊருக்கு வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டிப் போடணும்.

கடைசியா என்னைப் பத்தி ஒரு வார்த்தை. இத்தனை வருசமா ஆபரேஷனுக்கு முன்னாடி ஒப்புதல் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னு சொல்லி எத்தனை பேரிடம் வாங்கியிருப்பேன்? அதில் என்ன எழுதியிருக்குன்னு எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டினேன்? அந்தக் கவுண்டர் பெண்ணை நான் நிறையத் திட்டியிருக்கேன். அவங்க செஞ்சதைத்தான் நானும் தினமும் செஞ்சுக்கிட்டு இருந்தேன். இப்ப படிச்சுக் காட்டறேன். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம் கூட ஆகுது. வெளியே வரிசை முணுமுணுக்குது. முணுமுணுக்கட்டும்.

அந்த நவம்பர் காலையில் அப்பா நாலு படிவத்தையும் படிச்சு முடிச்சாரு. அவருடையதில் கையெழுத்துப் போட்டாரு. அஞ்சாவதைக் கையில் எடுத்து, அதில் அச்சாகியிருந்த அண்ணனோட பழைய ஃபோட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. மீசை முளைக்கத் தொடங்கின வயசுப் படம்.

"இவன் இப்ப அந்த ஊர்க்காரம்மா. பேரை எடுத்துடுங்க"ன்னு சொல்லி, கையெழுத்தில்லாம பி.எல்.ஓ அம்மாகிட்டத் திருப்பிக் கொடுத்தாரு.

அப்புறம் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. வெங்காயத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்னாரு. அன்னைக்குக் காலையில்தான் பாய்ச்சியிருந்தாரு.

உங்க வீட்டில் யாராவது அடுத்த மாசம் பிள்ளைகிட்டப் போறாங்கன்னா, இதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.